வாராத நாளுக்கு வைத்த பொருள்

சேமிப்பு என்னும் ஒரு சொல்லால் இரு வேறு செயல்களைக் குறித்து நாம் பழகிவிட்டோம். மகளுக்கு வீடு கட்டுவதற்காகத் தந்தை மாதந்தோறும் ஒதுக்கும் பணமும் சேமிப்பே. என்ன நேருமோ என்று அஞ்சித் தாய் அரிசிப் பானையின் அடியில் ஒளித்து வைக்கும் பணமும் சேமிப்பே. முன்னதற்குப் பெயர் உண்டு, அளவு உண்டு, ஏறக்குறைய ஒரு நாளும் உண்டு. பின்னதற்கு இம்மூன்றும் இல்லை. இக்காலத்துப் பணத் திட்ட நூல்கள் முன்னதை இலக்குச் சேமிப்பு என்றும் பின்னதை இடர்கால நிதி என்றும் பிரித்துரைக்கின்றன. பின்னதற்கு மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரையான குடும்பச் செலவுக்கு ஈடான தொகையை வைத்திருத்தல் நன்று என அறிவுறுத்துகின்றன. எவ்வளவு வைப்பது என்ற வினாவுக்கு அவை விடை தருகின்றன. வைத்திருக்கும் வேளையில் அண்டை வீட்டாருக்கு இடர் வந்து, அவர் நம் வாயிலில் நின்றால் என் செய்வது என்ற வினாவை அவை எழுப்புவதேயில்லை. அறவியலுக்கு உரிய வினா அதுவேயாகலின் அதனையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இலக்குக்காகச் சேமித்தவர் கேட்பவரிடம் இல்லையென்று சொல்லுதல் எளிது. “அது பிள்ளையின் வீட்டுக்கு வைத்த காசு” என்றால் கேட்டவரும் ஒப்புக்கொண்டு திரும்பிவிடுவார். அப்பணத்துக்கு வேறோர் உரியவர் உள்ளார் என்பதை ஊர் முழுவதும் அறியும். ஆயின், இடருக்கென்றே வைத்த பணத்தை உடையவர் என்ன சொல்லி மறுப்பார்? இடர் வந்தால் எடுப்பதற்கே அது வைக்கப்பட்டது. இதோ இடரும் வந்து நிற்கிறது. வந்திருப்பது என் இடரன்று என்னும் ஒரு காரணமே எஞ்சுகிறது. வந்துவிட்ட ஒருவரின் துன்பத்தையும் இன்னும் வாராத என் துன்பத்தையும் ஒரே தராசில் இட்டு, வாராததே கனமானது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன நியாயம் உண்டு?

இவ்வினாவை வெறும் ஏட்டளவில் வைத்து ஆராய்வதினும் ஓர் ஊரின் வாழ்வோடு பொருத்திக் காண்பது தெளிவு தரும். அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர் என்னும் முஸ்லிம் ஊர்களுக்கு இடையே அமைந்த தமிழூர் காரைதீவு. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. ஆசிரியரும் எழுதுவினைஞரும் இவ்வூரில் பலர் உளரெனினும், கடலையும் வயலையும் நம்பிய வீடுகளும் குறைவல்ல. இவ்வீடுகளுக்கு மூன்று மாதச் செலவு என்னும் கணக்கு எளிதிற் பொருந்தாது. அது மாதச் சம்பளம் பெறுவோரின் கணக்கு. வயல் செய்பவருக்கு ஆண்டு என்பது பெரும்போகம், சிறுபோகம் என இரண்டாகவே விரிகிறது. கடலுக்குச் செல்பவருக்கோ வாடைக்காற்று வீசும் மாதங்களில், கார்த்திகை தொடங்கித் தை வரையில், கடல் கொந்தளித்திருக்கும். தோணி கரையிலேயே கிடக்கும் நாட்கள் பல. இதனை இடர் என்று சொல்லுதல் பொருந்துமா? ஆண்டுதோறும் வரும் வறுமைக்கு முகமும் உண்டு, மாதமும் உண்டு. அது பருவம். பருவத்துக்கு வைப்பது இலக்குச் சேமிப்பின் பாற்பட்டதே. தோணியை ஆற்றுவாய்க்குள் இழுத்துச் சென்ற வெள்ளமும், அறுவடைக்கு முன்னாள் பெய்த மழையும், நள்ளிரவில் கல்முனை மருத்துவமனைக்கு ஓட வைத்த நெஞ்சுவலியும் தாம் பெயரில்லாத நாளின் பாற்பட்டவை. பருவத்தின் வறுமையைத் தாண்டவே தொகை போதாத வீட்டை நோக்கி, ஆறு மாதச் செலவைத் தனியே வை என்று போதிப்பவர், அவ்வீட்டின் கணக்கைப் பார்த்தறியாதவர் என்றே கொள்ளல் வேண்டும்.

இலக்குகளுள் தலையாயது மகளின் வீடு. கிழக்கிலங்கைத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மணமான பெண் தன் தாயகத்திலேயே வாழ்வதும், கணவன் மனைவியின் வீட்டுக்கு வருவதும், வீடு சீதனமாகப் பெண்ணின் பேருக்கு எழுதப்படுவதும் நெடுங்கால வழக்கு. அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே நெடுங்காலம் ஆராய்ந்து 2008 இல் வெளியிட்ட நூலில் இவ்வழக்கு விரிவாகப் பேசப்படுகிறது. இரண்டு பெண்மக்களைப் பெற்ற வீட்டில் தந்தையின் உழைப்பும், மணமாகாத தமையன்மாரின் உழைப்பும் கல்லாகவும் சீமெந்தாகவும் ஆண்டாண்டாக மாறிக்கொண்டிருக்கும். இவ்விலக்குக்கு முகம் இருக்கிறது. அது நாள்தோறும் கண்முன்னே வளர்கிறது, வயது ஏறுகிறது, அயலார் விசாரிக்கிறார்கள். முகமில்லாத இடர்கால நிதி இம்முகத்தோடு போட்டியிட்டு எங்ஙனம் வெல்லும்? அத்திவாரம் போட்ட வீட்டுக்குக் கூரை வேண்டும் என்றவுடன் பானையடிப் பணம் வெளியே வந்துவிடுகிறது. இது மக்களின் அறியாமை என்று சொல்வார் உளர். என் கருத்து வேறு. பெண்ணுக்கு வீடு என்பதே அவள் வாழ்நாள் முழுவதற்குமான இடர்காப்பு. கணவன் கைவிட்டாலும் அவள் தெருவில் நிற்க நேராது. ஆகவே இலக்கு, இடர் என்ற பிரிவு சம்பளக்காரரின் நூலில் இருக்கும் அளவுக்குக் கூர்மையாக இவ்வீடுகளில் இல்லை. கழுத்திலும் கையிலும் கிடக்கும் பொன்னும் இவ்வாறே. அது அணி, அது சீதனம், வேளை வந்தால் வங்கியில் அடகு வைக்கும் பொருளும் அதுவே.

இனி, வாயிலில் நிற்பவரிடம் மீள்வோம். மறுப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் வலிமை மிக்கது, “இன்று நான் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் நாளை நான் இன்னொருவர் வாயிலில் நிற்பேன்” என்பதாம். ஒருவர் கையை எதிர்பாராமல் வாழ்தல் நம் சமுதாயத்தில் பெருமதிப்புடைய குணம். இதில் உண்மை உண்டு. முன்காப்பு வைத்திருப்பவர் தமக்கு மட்டுமன்றிப் பிறருக்கும் நன்மை செய்கிறார்; பிறர் தாங்க வேண்டிய சுமை ஒன்று குறைகிறது. ஆயினும் இக்காரணம் எவ்வளவு தூரம் செல்லும்?

1936 இல் கெய்ன்ஸ் வெளியிட்ட பொதுக் கொள்கை என்னும் பொருளியல் நூலில், மனிதர் செலவு செய்யாது பொருளை நிறுத்திவைப்பதற்கு எட்டு நோக்கங்களைக் காட்டுகிறார். முன்காப்பு, முன்னோக்கு, கணிப்பு, மேம்பாடு, சுதந்திரம், தொழில்முயற்சி, பெருமை, உலோபம் என்பன அவை. முதலில் நிற்பது எதிர்பாராத நிகழ்ச்சிக்கென வைக்கும் முன்காப்பு. இறுதியில் நிற்பது காரணமின்றிப் பொருளைப் பற்றிக்கொள்ளும் உலோபம். அவர் இதனைப் பட்டியலாகவே தந்தார். எனக்கோ அது ஒரு படிக்கட்டாகத் தோன்றுகிறது. இலக்குச் சேமிப்பு இப்படிக்கட்டில் வழுக்குவது அரிது. வீடு கட்டி முடிந்த நாளில் அச்சேமிப்பும் முடிகிறது. இடர்கால நிதி முடியும் நாள் எது? இடர் வரக்கூடும் என்ற அச்சத்துக்கு எல்லை கிடையாது; ஆறு மாதச் செலவு சேர்ந்தபின் பன்னிரண்டு மாதம் நினைவுக்கு வரும்; ஒரு நோய்க்குப் போதிய தொகை சேர்ந்தபின் இரு நோய் நினைவுக்கு வரும். ஒருவர் முதற்படியில் நிற்பதாகவே எண்ணிக்கொண்டு இறுதிப்படியில் நிற்க முடியும். வெளியிலிருந்து நோக்குவோருக்கும் வேறுபாடு தெரியாது. உலோபியும் தன்னை உலோபி என்று சொல்லுவதில்லை. முன்யோசனை உள்ளவன் என்றே சொல்லுவான்.

ஆகவே அளவு ஒன்று வேண்டும். அளவில்லாத முன்காப்பை முன்காப்பு என்று ஏற்க இயலாது. வள்ளுவர் பொருள் செயல்வகை என்று ஓர் அதிகாரம் வைத்துப் பொருளீட்டலை வற்புறுத்தியவர். அவரே நன்றியில் செல்வம் என்று இன்னோர் அதிகாரமும் வைத்தார். ஈகை அதிகாரத்தில், வறியவரின் பசியைத் தீர்ப்பதே பொருள் பெற்றவன் அதனைச் சேமித்து வைக்கும் இடம் என்ற கருத்தைக் கூறுகிறார். கொடுத்தலையும் வைத்தலையும் எதிரெதிரே நிறுத்தாமல், கொடுத்தலே ஒருவகை வைத்தல் என்று அவர் காட்டியது ஆழ்ந்து எண்ணத்தக்கது. எனினும் எவ்வளவு என்ற அளவை அவர் சொல்லவில்லை. அளவைச் சொன்ன நெறி நமக்கு மிக அண்மையிலேயே உண்டு. நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் வாழும் முஸ்லிம் அயலாரின் ஸக்காத் கடமை, ஒரு குறித்த அளவுக்கு மேற்பட்ட செல்வம் ஒருவர் கையில் ஒரு சந்திர ஆண்டு முழுவதும் இருந்துவிட்டால் அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 வீதம், உரியவர்களைச் சேர வேண்டும் என்கிறது. அவ்வளவு ஏறக்குறைய 85 கிராம் பொன்னின் பெறுமதி எனப் பொதுவாகக் கணிக்கப்படுகிறது. பெறுவதற்கு உரியவர் எண்வகையினருள் கடனில் அமிழ்ந்தோரும் அடங்குவர். இங்கு இரு செய்திகள் நோக்கற்பாலன. குறித்த அளவுக்கு உட்பட்ட பொருளில் கைவைக்கப்படுவதில்லை. எளியவரின் சிறு முன்காப்பை அந்நெறி மதிக்கிறது. மேலும், அளவுக்கு மேற்பட்டதாயினும் ஓராண்டு கழியும் வரை பொறுக்கிறது. ஓராண்டு முழுவதும் தீண்டப்படாமல் கிடந்த பொருள், தான் தேவைக்கு மிஞ்சியது என்பதைத் தானே நிறுவிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு. கொடுப்பவரின் மனநிலையை ஆராயாமல், நாட்காட்டியைக் கொண்டு உலோபத்தை அளக்கும் இம்முறை என்னை வியக்க வைக்கிறது.

காரைதீவைப் பேசுமிடத்து விபுலாநந்த அடிகளை நினையாதிருத்தல் இயலாது. 1892 இல் இவ்வூரில் தோன்றி, துறவு பூண்டு, பள்ளிகளை வளர்த்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர் அவர். ஊரார் தம் பிள்ளைகளுக்குச் சிக்கனத்தைக் கற்பிக்கின்றனர். அதேவேளை தமக்கென எதுவும் வைக்காத துறவியைத் தம் பெருமையாகப் போற்றுகின்றனர். இது முரணா? முரணன்று என்றே நினைக்கிறேன். துறவிக்கு இடர்கால நிதி வேண்டாததற்குக் காரணம் இல்லறத்தார் வைத்திருப்பதே. துறந்தாருக்கும் வறியவருக்கும் ஆதரவற்று இறந்தாருக்கும் துணை இல்வாழ்வானே என்று வள்ளுவரும் இல்வாழ்க்கை அதிகாரத்திற் கூறுகிறார். வைத்திராதவனின் அறம், வைத்திருப்பவனின் அறத்தைச் சார்ந்து நிற்கிறது. அவ்வாறாயின் இல்லறத்தான் வைத்திருப்பதன் நியாயமும் அவனைச் சார்ந்திருப்போரிடமிருந்தே பிறக்கிறது. அவன் வீட்டுச் சுவருக்குள் அது முடிந்துவிடுவதில்லை.

மேலைநாட்டு அறிஞர் பீட்டர் சிங்கர் 1972 இல் வெளியிட்டுப் பெரும் விவாதத்தைக் கிளப்பிய கட்டுரை ஒன்று இதனை மேலும் கடுமையாகச் சொல்லும். கிழக்கு வங்க அகதிகளின் பட்டினியைக் கண்டு எழுதப்பட்டது அது. ஆழமற்ற குளத்தில் மூழ்கும் குழந்தையைக் கண்டவன் உடை நனையுமே என்று தயங்கலாகாது. அதுபோல, ஒப்பான வேறொன்றை இழக்காமல் பெருந்தீமை ஒன்றைத் தடுக்க முடியுமாயின் தடுத்தே ஆக வேண்டும். தூரம் இதற்கு விலக்காகாது என்பது அவர் வாதம். உடை நனைவதும் ஒருவரின் இடர்கால நிதி கரைவதும் ஒன்றாமோ? வசதியுள்ள நாட்டவனுக்கு ஒன்றாகலாம். வாடைக்காலத்தை எதிர்நோக்கியிருக்கும் கடற்றொழிலாளிக்கு அது உடையன்று, தோணி. தோணியைக் கொடுத்தவன் அடுத்த குழந்தை மூழ்கும்போது கரையில் நிற்பான். சிங்கரின் வாதம் இதனால் வீழ்ந்துவிடாது. ஆனால், ஒருவர் கொடுக்க வேண்டிய அளவு அவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது என்பது வெளிப்படுகிறது.

ஏட்டு வாதங்களை விட நுட்பமான விடைகளை நம் ஊர்ப் பெண்கள் நடைமுறையிற் கண்டிருக்கின்றனர் என்று சொல்லத் துணிவேன். சீட்டு அவற்றுள் ஒன்று. பத்துப் பெண்கள் மாதம் ஐயாயிரம் ரூபா வீதம் போட்டு, மாதம் ஒருவராக ஐம்பதினாயிரத்தை எடுப்பர். வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை, ஒருவர் முகத்தை ஒருவர் நாளையும் பார்க்க வேண்டும் என்பதே பிணை. கிளிபர்ட் கியேட்ஸ் என்னும் மானிடவியலாளர் 1962 இல் ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் இத்தகைய சங்கங்களை ஆராய்ந்து, மரபுப் பொருளாதாரத்திலிருந்து வங்கிப் பொருளாதாரத்துக்கு ஏறும் ஏணியின் நடுப்படி இவை என்றார். வங்கிகள் பெருகிய பின்னும் சீட்டு மறையவில்லையாதலால் அவ்வேணி உவமை முற்றும் பொருந்துமென எனக்குத் தோன்றவில்லை. சீட்டின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. உறவு நெருங்கிய ஊரில் கையிலிருக்கும் பணம் பிறர் அறிந்த கணமே பாதி கொடுத்த பணமாகிவிடும். இதனால்தான் பானையடியில் ஒளித்தல் நிகழ்கிறது. கேட்டவரிடம் “கையில் ஒன்றுமில்லை” என்று பொய்யும் சொல்ல நேர்கிறது. சீட்டில் போட்ட பணமோ உண்மையாகவே கையில் இல்லை. பொய்யின்றி மறுக்க அது வழிசெய்கிறது. அதேவேளை குழுவில் ஒருத்தியின் பிள்ளை நோயுற்றால், அம்மாதம் எடுக்க வேண்டியவள் தன் முறையை விட்டுக்கொடுப்பதும் உண்டு. விட்டுக்கொடுத்தவள் ஒரு சதமும் இழப்பதில்லை. சில மாதங்களே பொறுக்கிறாள். கொடுத்தலும் வைத்தலும் ஒன்றாதல் இங்கே கண்கூடு. இறப்பு நேர்ந்த வீட்டுக்குக் குறித்த தொகையும் பந்தலும் கதிரையும் கொடுக்கும் மரண உதவிச் சங்கமும் இவ்வகையினதே. 1911 ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் வழிவந்த சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் இதனையே பதிவேடும் கணக்காய்வும் கொண்டு நடத்துகின்றன.

இவையெல்லாம் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கின்றன: இடர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளில் வரும் என்பதே அது. பத்துப் பேருக்கும் ஒரே மாதத்தில் பிள்ளை நோயுற்றால் சீட்டு என்னாகும்? 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி, ஞாயிறு காலை, பூரணை நாளன்று, இவ்வினாவுக்குக் கடல் விடை கூறியது. ஆழிப்பேரலையால் இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகுதியாக உயிரிழந்தது அம்பாறை. அங்கு மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். காரைதீவின் கரையோரக் குடியிருப்புகளும் அதற்குத் தப்பவில்லை. பானையடிப் பணம் பானையோடு போயிற்று. பெட்டகத்துப் பொன் பெட்டகத்தோடு போயிற்று. ஒருவருக்கொருவர் பிணையாயிருந்தோர் ஒரே காலையில் இழந்தனர். ஒரு வேளையில் ஒரு மரணத்தைத் தாங்கவென அமைந்த சங்கத்தின் முன் ஒரு தெருவின் மரணங்கள் கிடந்தன. மகளின் வீடென்னும் இலக்கும் அலைக்குத் தப்பவில்லை. 2005 இல் அரசு வடக்குக் கிழக்குக் கரையில் 200 மீற்றர் வரை மீளக் கட்டலாகாது என்று விதித்தபோது, சீதன வீடு நின்ற நிலமும் சிலகாலம் வீட்டுக்கு உதவாத நிலமாயிற்று. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது.

அன்று உதவியது எது? ஊருக்கு வெளியே இருந்தது உதவியது. மேற்கே உள்நாட்டில் வாழ்ந்த உறவினர், பிறநாட்டில் உழைத்த பிள்ளைகள், முன்பின் அறியாத நாட்டவர் அனுப்பிய பொருள், அலை எட்டாத பள்ளிகளும் வழிபாட்டிடங்களும் ஆகியன அவை. வங்கிப் புத்தகம் கடலோடு போனாலும் வங்கியின் பேரேடு போகவில்லை. தன் காப்பைத் தானே செய்துவிட்டேன் என்று எவரும் அதற்குப் பின் முழுமையாகச் சொல்ல முடியாது. ஒருவரின் இடருக்கு வீட்டுச் சேமிப்பு. சிலரின் இடருக்கு ஊர்ச் சேமிப்பு. ஊரின் இடருக்கு ஊரினும் பெரியதொன்று.

அப்பெரியது அரசு என்று நம்பினோம். 2022 இல் அந்நம்பிக்கையும் ஆட்டங்கண்டது. நாடுகள் வைத்திருக்கும் அந்நியச் செலாவணி ஒதுக்குக்கும் ஓர் அளவு வழக்கில் உண்டு. குறைந்தது மூன்று மாத இறக்குமதிக்கு ஈடாக இருத்தல் வேண்டும் என்பர். குடும்பத்துக்குச் சொல்லும் அதே மூன்று மாதம்! இலங்கையின் ஒதுக்கு 2019 இறுதியில் ஏறக்குறைய 760 கோடி டொலராக இருந்தது. 2022 மே மாதத்தில், எடுத்துப் பயன்படுத்தத்தக்க தொகை 5 கோடி டொலரும் இல்லையென நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் அறிவித்தார். அதற்கு முன்னரே, ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்புவது நிறுத்தப்பட்டது. டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. உணவுப் பொருளில் அது 95 வீதத்தை நெருங்கியது. முந்திய ஆண்டு ஆறு மாதத்துக்குப் போதுமென்று ஒருவர் வங்கியில் வைத்த தொகை, ஏறக்குறைய மூன்றரை மாதத்துக்கே போதுமாயிற்று. அவர் எத்தவறும் செய்யவில்லை. நூல் சொன்னபடியே வைத்தார். 2023 இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது ஊழியர் சேமலாப நிதி போன்றவற்றின் கையிலிருந்த திறைசேரி முறிகள் குறைந்த வட்டியுடையனவாக மாற்றப்பட்டன. வங்கிகள் வைத்திருந்த முறிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. வங்கிகள் வீழ்ந்தால் வைப்பாளர் வீழ்வர் என்று காரணம் கூறப்பட்டது. அது பொருளற்ற காரணமன்று. ஆயினும் தொழிலாளி முதுமைக்கென வைத்தது, தான் செய்யாத செலவுக்காகக் குறைந்தது என்பது மறைக்க முடியாத உண்மை. மக்களுக்குச் சிக்கனம் போதிக்கும் அரசு தன் இடர்கால நிதியைக் கரைத்துவிட்டால், அப்போதனைக்கு என்ன மதிப்பு?

முன்காப்பைப் புகழ்வோர் யூசுப் நபியின் வரலாற்றை எடுத்துக்காட்டுவர். ஏழாண்டு விளைச்சலைக் களஞ்சியத்தில் வைத்து ஏழாண்டுப் பஞ்சத்திலிருந்து எகிப்தைக் காத்த அக்கதை குர்ஆனிலும் உண்டு. யோசேப்பின் கதையாக விவிலியத்திலும் உண்டு. விவிலியத்தின் ஆதியாகமம் அதற்குமேலும் ஒரு செய்தி கூறுகிறது. பஞ்சத்தில் மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்துத் தானியம் வாங்கினர். அடுத்துக் கால்நடைகளைக் கொடுத்தனர். இறுதியில் நிலத்தையும் தம்மையுமே கொடுத்து மன்னனுக்கு அடிமைகளாயினர். களஞ்சியம் உயிரைக் காத்தது, விடுதலையைப் பறித்தது. தம் விளைச்சலிலிருந்து சேர்த்த தானியத்தையே அவர்கள் விலைகொடுத்து வாங்கினர் என்பதை எண்ணும்போது, சேமிப்பின் திறவுகோல் யார் கையில் என்ற வினா, எவ்வளவு சேமிப்பு என்ற வினாவினும் பெரிதாகிறது. நம் ஊர்களிலும் வறட்சியாண்டில் நெல்லைக் கடன்கொடுத்து அறுவடையில் நிலத்தின் பயனையே எழுதி வாங்கியோர் இருந்தனர். அண்மைக்காலத்தில் நுண்கடன் என்னும் பெயரால் வீடுவீடாக வந்த கடனும், பானையடிப் பணம் இல்லாத பெண்களையே தேடி வந்தது.

இவ்வளவும் நோக்கியபின் வாயிலில் நிற்பவருக்கு என்ன விடை? தொடக்கத்தில் வகுத்த பிரிவு கேட்பவருக்கும் பொருந்தும் என்பதே என் துணிபு. அவர் கேட்பது அவருடைய இலக்குக்காயின், மகளின் கூரைக்கோ மணவிழாவுக்கோ ஆயின், என் இடர்கால நிதியை மறுக்க எனக்கு உரிமை உண்டு. அதில் கூச்சமும் வேண்டியதில்லை. அவர் கேட்பது இடருக்காயின், நான் எனக்கென வகுத்த அளவுக்கு மேற்பட்ட பகுதி முழுவதிலும் அவருக்கு உரிமை உண்டு. அளவுக்கு உட்பட்ட பகுதியிலும் ஒரு பங்கையேனும் தருதல் வேண்டும். ஏனெனில் வாராத இடர் வாராமலும் போகலாம். வந்தாலும் என் நிதி போதாமற் போகலாம். அந்நாளில் நான் செல்லும் வாயில் அவருடையதாகவும் இருக்கலாம். இவ்விறுதிக் காரணத்தை முதன்மையாக்கினால் கொடை வாணிபமாகிவிடும் என்பார் கூற்றில் உண்மை உண்டு. எனினும் திரும்பி வருமென்று கொடுத்தவரையும் கொடாமல் வைத்தவரையும் ஒருநிரையில் நிறுத்த நான் உடன்படேன்.

அளவை யார் வகுப்பது என்பது எஞ்சுகிறது. தனித்திருந்து வகுத்தால் அச்சம் அதனை நீட்டும். கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் கூடியிருந்து, வாடைக்காலத்துக்கு இவ்வளவு, மருத்துவத்துக்கு இவ்வளவு, இதற்கு மேற்பட்டது கேட்டு வருவோருக்கு என்று வாய்விட்டுச் சொல்லி வகுத்துக்கொள்ளும் வீட்டில், கேட்டவரிடம் “ஒன்றுமில்லை” என்ற பொய்க்குத் தேவை குறையும்; “இவ்வளவு தரலாம், இதற்குமேல் இயலாது” என்று சொல்லலாம். ஒருமுறை பெற்றவர் திருப்பித் தராமல் மறுமுறையும் இடரோடு வந்து நின்றால் என் செய்வது? இங்கு வகுத்த அளவு அதற்குப் போதாது. ஒரு தவணை தவறியவளை அடுத்த சீட்டில் சேர்ப்பதா விடுவதா என்று ஆண்டுதோறும் முடிவெடுக்கும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கின்றனர். அவர்கள் எதைக் கொண்டு அதனைத் தீர்மானிக்கின்றனர் என்று நம் அறவியல் நூலார் எவரும் இன்னும் கேட்டு எழுதவில்லை.